அப்பாவின் ஹாலுக்கு ஒரு பாட்டுப் பெட்டி: ராஸ்பெர்ரி பை 4 இருக்கிறது, மீதியை நீங்கள் சொல்லுங்கள்

#1 · வைகைக்கரை

வணக்கம். நான் இருப்பது பெங்களூரில், அப்பா அம்மா மதுரையில். அப்பாவுக்கு 74 வயது, தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். விடிந்தால் பக்திப் பாட்டு, பத்து மணிக்குக் கர்நாடக சங்கீதம், மத்தியானத் தூக்கத்துக்கு முன் நாகஸ்வரம், சாயங்காலம் பழைய சினிமாப் பாட்டு. இந்த ஒழுங்கு மாறவே மாறாது.

போன வருடம் அவருக்காக ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்புக்குச் சந்தா கட்டினேன். மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒருநாள் அவர் பட்டியலில் பாதிப் பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன, தொட்டால் பாடவில்லை. உரிமம் முடிந்துவிட்டதாம். "காசு குடுத்தது நாம, பாட்டு மட்டும் அவங்களுதா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இனி வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு. மேசை இழுப்பறையில் இரண்டு வருடமாகத் தூங்கும் ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவுக் கணினி, 2 ஜிபி) ஒன்று, ஏறத்தாழ 9,000 பாட்டுகள் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். பாட்டுகளில் பாதி எம்பி3, மீதி நானே சிடியில் இருந்து எடுத்த ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு). இவை போக ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்.

போன வாரம் ஊருக்குப் போனபோது, பையின் ஹெட்போன் துளையில் இருந்து ஆம்புக்கு வயர் கொடுத்துப் பார்த்தேன். பாட்டுக்குப் பின்னால் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். இருபது நிமிடத்தில் பை தானாக நின்றுவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

#2 · பழையரேடியோ

அந்த "ஸ்ஸ்ஸ்" உங்கள் தவறு இல்லை தம்பி, பையின் பிறவிக்குணம். அதன் 3.5 மி.மீ துளைக்குப் பின்னால் ஒழுங்கான டிஏசி (எண்ணாக இருக்கும் பாட்டை ஒலி மின்சாரமாக மாற்றும் சிப்) கிடையாது. ஒரு முனையை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து, அதை ஒரு சிறு வடிகட்டி வழியாக விட்டு, "இதுதான் ஒலி" என்று சமாளிக்கிறார்கள். ஹெட்போனில் செய்தி கேட்கப் போதும். நாகஸ்வரத்துக்குப் போதாது. பை 5-ல் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம்.

இரண்டு வழி உண்டு. யூஎஸ்பி டிஏசி வாங்கிச் செருகுவது சுலபம். எனக்குப் பிடித்தது பையின் 40 பின் வரிசையில் மாட்டும் ஐ2எஸ் (சிப்புகளுக்கு இடையே ஒலியை அனுப்பும் முறை) டிஏசி. ஹைஃபைபெர்ரி போன்றவர்கள் அப்படியே மேலே உட்காரும் பலகையாகத் தருகிறார்கள். கைச்செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பிசிஎம்5102 சிப் வைத்த சிறிய ஊதாப் பலகை மின்னணுக் கடைகளில் கிடைக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிட் கடிகாரம் 12-ஆம் பின், இடவலக் கடிகாரம் 35, தரவு 40. அதோடு 5 வோல்ட்டும் கிரவுண்டும். மொத்தம் ஐந்து வயர்.

இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று. அந்தப் பலகையில் எஸ்சிகே என்ற முனையைக் கிரவுண்டோடு ஈயம் வைத்து இணைக்க வேண்டும். இணைத்தால்தான் சிப் தன் கடிகாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். விட்டுவிட்டால் ஒலி வராது, வந்தாலும் கரகரக்கும். நான் இரண்டு நாள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி ஒரு துளி ஈயம். பிறகு பையின் கான்ஃபிக் கோப்பில் ஹைஃபைபெர்ரி-டேக் ஓவர்லேயை (பலகையை அடையாளம் காட்டும் வரி) சேர்த்து ரீபூட் செய்யுங்கள். வேறு கம்பெனிப் பலகை ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், அதே டிரைவர்தான்.

#3 · அரைபிட்

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு புளூடூத் ஸ்பீக்கர், ஒரு மெமரி கார்டு. முடிந்தது கதை.

#4 · பழையரேடியோ

அந்த ஆம்பையும் ஸ்பீக்கரையும் அவர் அப்பா எந்தச் சம்பளத்தில் வாங்கினார் என்று கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.

#5 · உப்புக்காற்று

இருபது நிமிடத்தில் நின்றதற்கு நான் பந்தயம் கட்டுகிறேன்: பவர். எந்த அடாப்டரில் ஓட்டினீர்கள்? பழைய போன் சார்ஜரா?

பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். அதன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து கொடுப்பது அதிகபட்சம் 1.2 ஆம்பியர். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நொடியில் ஒரு ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுத்துவிடும். அந்த நேரம் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை வேகத்தைக் குறைக்கும், டிஸ்க் துண்டிக்கப்படும், பாட்டு நிற்கும். டிவியில் மாட்டிப் பார்த்தால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். மாட்டாமலே பார்க்க விசிஜென்கமாண்ட் என்ற பையின் கட்டளையில் த்ராட்டில் நிலையை (வேகம் குறைக்கப்பட்டதா என்று) கேளுங்கள். சுழியம் வந்தால் நலம், வேறு எண் வந்தால் பெரும்பாலும் பட்டினி, சில நேரம் சூடு என்று பொருள்.

மருந்து: பைக்கென்றே விற்கும் அடாப்டர், டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப், அல்லது ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு எஸ்எஸ்டி.

இன்னொன்று. டிஸ்க்கை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் போட்டுவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஓட்டினால் இரண்டும் சண்டை போடும். யூஎஸ்பி 3 அந்த அலைவரிசையிலேயே இரைச்சல் கக்கும். பாட்டுக்கு யூஎஸ்பி 2 துளையே தாராளம். சிடி தரத்தில் சுருக்காத ஒலியே நொடிக்கு 1,411 கிலோபிட்தான்.

#6 · வைகைக்கரை (மறுநாள்)

பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். 1 ஆம்பியர் போன் சார்ஜர், அதுவும் பீரோவுக்குப் பின்னால் போகும் இரண்டு மீட்டர் மெல்லிய வயரில். வெட்கமாக இருக்கிறது.

அடாப்டரும் ஊதாப் பலகையும் ஆர்டர் போட்டாயிற்று. அடுத்த சந்தேகம் மென்பொருள். வாலுமியோ, மூட், எம்பிடி, லிரியான், நாவிட்ரோம், ஜெல்லிஃபின் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றா, வேறு வேறா?

#7 · ரொறன்ரோப்பனி

இதிலை தான் புதுசா வாறவை எல்லாரும் குழம்புறது. நான் கொஞ்சம் விளக்கமாவே எழுதுறன்.

ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்: பாட்டு எங்கே ஒலிக்க வேண்டும்? பையோடு மாட்டிய ஸ்பீக்கரிலா, கையில் இருக்கும் போனிலா?

பையிலேயே ஒலிக்க வேண்டுமென்றால் எம்பிடி. 2003-ல் இருந்து இருக்கும் பழைய, நம்பிக்கையான ஆள். சத்தமில்லாமல் பின்னணியில் ஓடும், முகமே கிடையாது. போனிலோ கணினியிலோ ஒரு ரிமோட் ஆப் வைத்து 6600-ஆம் போர்ட் வழியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். வாலுமியோவும் மூடும் இதே எம்பிடிக்கு அழகான சட்டை போட்டவைதான். கார்டில் எழுதிச் செருகினால் ஓடிவிடும்.

போனில் ஒலிக்க வேண்டுமென்றால் நாவிட்ரோம். இது கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் பரிமாறுபவர், தானாகப் பாடாது. சப்சோனிக் என்ற மொழி பேசும் ஆப் எதுவும் இதோடு ஒட்டும். ஜெல்லிஃபினும் இதைச் செய்யும், ஆனால் அதன் மனசு படத்திலும் தொடரிலும்.

லிரியான் இரண்டுக்கும் நடுவில். இதன் கதை எனக்குப் பிடிக்கும். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பெட்டியை விற்றது. 2006-ல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2012-ல் பெட்டியை நிறுத்தியது. ஆனால் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் பயனர்கள் விடவில்லை. 2024-ல் லிரியான் என்று பேர் மாற்றி இன்னும் ஓட்டுகிறார்கள். என்னிடம் இருக்கும் பழைய பெட்டி ஒன்று கம்பெனி கைவிட்ட பிறகும் ஒவ்வொரு நாளும் பாடுது.

லிரியானின் பலம் பல அறைகள். ஹாலில் ஒரு பை, சமையலறையில் ஒரு பை ஸீரோ வைத்து இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கலாம். ஒவ்வொரு பையிலும் பைகோர்பிளேயர் போட்டால் அது முழுவதும் ராமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கார்டை எழுதுவதே அரிது.

#8 · நள்ளிரவுத்தேநீர்

ரொறன்ரோ அண்ணனோடு ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். ஒருவர் வீட்டில், ஒருவர் பெங்களூரில் என்றால் லிரியான் தேவையே இல்லை. எம்பிடியும் நாவிட்ரோமும் ஒரே பையில், ஒரே கோப்புறையைப் பார்த்து ஓடட்டும். இரண்டும் சண்டை போடாது. என்னுடைய 1 ஜிபி பையில் இரண்டும் ஓடுகின்றன, பாதி நினைவகம் சும்மா கிடக்கிறது. ஹாலுக்கு எம்பிடி, அம்மாவின் போனுக்கும் உங்களுக்கும் நாவிட்ரோம்.

ஆனால் ஒன்று, நாவிட்ரோமுக்குக் கோப்புறை மேல் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். எழுதும் உரிமை எதற்கும் வேண்டாம்.

#9 · ரொறன்ரோப்பனி

சமையலறைக்கும் ஸ்பீக்கர் கேட்பார்கள், பாருங்கள். அப்ப வந்து என்னட்டைக் கேளுங்கோ.

#10 · உப்புக்காற்று

கரண்ட் போகும் ஊரில் வைக்கப்போகிறீர்கள் என்பதை யாரும் பேசவில்லையே? பை சாவது பெரும்பாலும் எஸ்டி கார்டால்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு குழம்பிவிடும். எனக்கு ஒரே கோடையில் இரண்டு கார்டு போயிற்று.

எல்லாம் அமைத்து முடித்தபின் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பு முறையை ஆன் செய்துவிடுங்கள். அதற்குப்பின் கார்டு படிக்க மட்டுமே, எழுதுவதெல்லாம் ராமில் போய் கரண்டோடு மறைந்துவிடும். நாவிட்ரோமின் தரவுத்தளத்தையும் எம்பிடியின் பட்டியலையும் மட்டும் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் விடாமல் லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கு மாற்றுங்கள், கரண்ட் போனாலும் எழுந்து உட்காரும். டிஸ்க்கை இணைக்கும் மவுண்ட் வரியில் நோஃபெயில் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டிஸ்க் எழும்பாத நாளில் பையும் எழும்பாது, நீங்கள் பெங்களூரில் இருந்து அப்பாவுக்குப் போனில் லினக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

செலவு கேட்பார்கள் என்றால்: பையும் டிஸ்க்கும் சேர்ந்து 5 வாட் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அப்பா கவலைப்பட மாட்டார்.

#11 · வைகைக்கரை (பத்து நாள் கழித்து)

ஊருக்கு வந்து மூன்று நாளாக இதே வேலை. பழையரேடியோ ஐயா சொன்ன அந்தத் துளி ஈயம் வைத்தேன். அந்த "ஸ்ஸ்ஸ்" போயே போய்விட்டது. இத்தனை வருடமாக அந்த ஸ்பீக்கரில் இவ்வளவு இருந்ததா என்று அம்மாவே கேட்டார்.

ஆனால் புதிதாக ஒரு "ம்ம்ம்ம்". பாட்டு இல்லாதபோதும் ஆம்பில் உறுமுகிறது.

அதைவிடக் கொடுமை முந்தாநாள் இரவு. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இரண்டரைக்கு வந்தது. வந்ததும் பை எழுந்தது, எம்பிடி எழுந்தது, சாயங்காலம் விட்ட இடத்தில் இருந்து முழுச் சத்தத்தில் டப்பாங்குத்து. பக்கத்து வீட்டு மாமா ஜன்னலைத் திறந்து பார்த்தார். அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

#12 · நள்ளிரவுத்தேநீர்

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். எம்பிடி கடைசி நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்து அங்கிருந்தே தொடரும். அதன் கான்ஃபிக்கில் ரீஸ்டோர்-பாஸ்டு என்று ஒரு வரி உண்டு, அதற்கு "யெஸ்" கொடுங்கள். இனி எழுந்தாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்.

#13 · பழையரேடியோ

அந்த "ம்ம்ம்ம்" தரைச் சுற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இரண்டு வேறு வழியாகத் தரைக்குப் போக முயல்கிறது, நடுவில் உங்கள் ஆடியோ வயர் மாட்டிக்கொண்டது. சோதனை சுலபம். ஆம்பில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது உறுமல் நிற்கிறதோ அதுதான். டிவியின் ஆடியோ வயரும் அந்த ஆம்புக்கு வருகிறதா? அப்படியென்றால் கேபிள் இணைப்பு வழியாக வரும் தரை மேல்தான் எனக்குச் சந்தேகம்.

தயவுசெய்து யாராவது மூன்று பின் பிளக்கின் எர்த்தை உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். உறுமல் போகும், சில நேரம் ஆளும் போய்விடுவார்.

#14 · வைகைக்கரை

கேபிள் டிவிப் பெட்டியேதான். அந்த வயரைக் கழற்றினேன், அமைதி. அப்பா டிவியை ஆம்பில் கேட்பதே இல்லையாம், பத்து வருடமாக யாரும் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உண்மையான தலைவலி. நாவிட்ரோம் 9,000 பாட்டையும் படித்து முடித்தது. கலைஞர் பட்டியலைத் திறந்தால் இளையராஜா ஐந்து பேர் இருக்கிறார்! இங்கிலீஷில் ஒரு "ஏ", இரண்டு "ஏ", ஒரு "எல்", இரண்டு "எல்", முன்னால் "இசைஞானி" என்று ஆளுக்கொரு விதம். எஸ்பிபியை எண்ணவே பயமாக இருக்கிறது. ஒரு படத்தின் ஆறு பாட்டு ஆறு ஆல்பமாகப் பிரிந்து கிடக்கிறது. ஐம்பது பாட்டுகளுக்குப் பேரே கட்டம் கட்டமாக, ஏதோ பிரெஞ்சு எழுத்து மாதிரி. சில பாட்டுகளின் ஆல்பம் பேரே எங்கிருந்து இறக்கினேனோ அந்த வலைத்தளத்தின் முகவரி. (கல்லூரிக் காலம், மன்னிக்கவும்.)

#15 · நூலகத்துப்பூனை

இதற்காகத்தான் காத்திருந்தேன். பை, டிஏசி எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. டேக் (பாட்டுக் கோப்புக்குள் இருக்கும் பேர், படம், பாடகர் விவரம்) சரிசெய்வது ஒரு மழைக்காலம் முழுக்க ஆகும். யாரும் முதலிலேயே சொல்ல மாட்டார்கள், சொன்னால் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள்.

முதல் வேலை: டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். எடுத்தாயிற்றா? இனி பேசலாம்.

ஆறு ஆல்பமாகப் பிரிவதற்குக் காரணம் "ஆல்பம் கலைஞர்" என்ற கட்டம் காலியாக இருப்பது. ஆங்கிலப் பாட்டில் பாடுபவரும் ஆல்பத்துக்கு உரியவரும் பெரும்பாலும் ஒருவரே. நம் சினிமாவில் ஆறு பாட்டுக்கு ஒன்பது பாடகர்கள். அதனால் மென்பொருள் ஆறு ஆல்பம் என்று நினைத்துக்கொள்கிறது. நான் வைத்திருக்கும் விதி: ஆல்பம் = படம், ஆல்பம் கலைஞர் = இசையமைப்பாளர், கலைஞர் = பாடகர்கள், பாடலாசிரியருக்குத் தனிக் கட்டம். பாடகர் இருவர் என்றால் இரண்டு தனி மதிப்பாகக் கொடுங்கள், "மற்றும்" போட்டு ஒரே சொல்லாக்கினால் மூன்றாவது ஆள் ஒருவர் பிறந்துவிடுவார்.

ஐந்து இளையராஜாவையும் ஒருவராக்க மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற டேக் மென்பொருள் உதவும், ஆனால் பழைய தமிழ்ப் படங்களுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கோப்புறை கோப்புறையாகத் தேர்ந்தெடுத்து ஒரே பேரைக் கையால் போடுவதுதான் வேகம். தமிழிலா ஆங்கிலத்திலா என்று இன்றே முடிவெடுங்கள், பாதியில் மாறாதீர்கள். அப்பா பார்க்கப்போகும் திரை என்றால் தமிழ்.

தமிழில் போட்டால் வரிசை கொஞ்சம் வேடிக்கை காட்டும். பெரும்பாலான மென்பொருட்கள் யூனிகோட் எண்ணை வைத்து வரிசைப்படுத்துகின்றன. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து. நம் அகரவரிசையில் இரண்டும் கடைசி. புள்ளி வைத்த எழுத்தும் உயிர்மெய்களுக்குப் பின்னால் போய்விடும். நல்லவேளை, தமிழ்ச் சொல்லின் முதலில் ற, ன, ள, ழ வராது என்பதால் பட்டியலின் தலை எழுத்துகள் சரியாகவே நிற்கும், உள்ளே மட்டும் சில பேர் இடம் மாறி நிற்பார்கள். ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ உட்கார்ந்திருக்கும். ஜானகியைத் தேடிப் பட்டியலின் அடிக்குப் போகாதீர்கள்.

அந்தப் பிரெஞ்சு எழுத்துகள் யூனிகோடுக்கு முந்திய காலத்தவை. டிஸ்கி மாதிரி 8 பிட் குறியீட்டில் யாரோ தட்டியது. அதற்கு மாற்றிகள் உண்டு, ஆனால் ஐம்பதுதான் என்றால் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேரைத் தட்டுங்கள். எனக்கு அந்த வேலையில் மறந்தே போன பத்துப் பாட்டு திரும்பக் கிடைத்தது.

கர்நாடக சங்கீதத்துக்கு வேறு கணக்கு. ஆல்பம் கலைஞர் பாடியவர், இசையமைத்தவர் கட்டத்தில் தியாகராஜர், தீட்சிதர் என்று சாகித்யகர்த்தா. ராகத்தை நான் வகை என்ற கட்டத்தில் போடுகிறேன். "கர்நாடகம்" என்று 800 பாட்டுக்கு ஒரே வகை போட்டு என்ன பயன்? "கல்யாணி" என்று இருந்தால் அதைத் தொட்டவுடன் கல்யாணி மட்டும் வரிசையாகப் பாடும். தோடி, தோடீ, ஹனுமத்தோடி மூன்றையும் ஒன்றாக்க மறக்காதீர்கள்.

#16 · அரைபிட்

நூலகத்து அக்கா ராகம் வாரியாக அடுக்கிய வீட்டில் டப்பாங்குத்துக்கு இடம் உண்டா?

#17 · நூலகத்துப்பூனை

தனி அலமாரியே உண்டு. பூட்டு கிடையாது.

#18 · வைகைக்கரை

கேசட் பெட்டியைத் திறந்தேன். பாதிக்கு மேல் கடையில் கிடைத்தவை, விட்டுவிடலாம். ஆனால் ஒன்றின் மேல் அப்பாவின் கையெழுத்தில் "சித்தப்பா கல்யாணம், நாகஸ்வரம், 1984". வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத ஒலி. டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஓட்டலாமா?

#19 · பழையரேடியோ

ஓட்டாதீர்கள்! அது பூஞ்சை. இப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி டேப்பைக் கீறும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். இரண்டு வாரம் உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அப்புறம் டேப்பைத் துணியில் லேசாக ஒற்றிக்கொண்டே கையால் ஒருமுறை சுற்றி எடுங்கள். பொறுமை இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஓட்டும் டெக்கின் ரப்பர் பெல்ட் புதிதா என்று பாருங்கள், பழைய பெல்ட் சுருதியை ஆட்டும். ஹெட்டைச் சுத்தம் செய்து அதன் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை, உச்ச ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் வரை மெல்லத் திருப்புங்கள். அது ஒன்றே பாதி மங்கலை எடுத்துவிடும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியும்போது சத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நாகஸ்வரம் திடீரென்று ஏறும், ஏறின இடத்தில் நசுங்கினால் நசுங்கியதுதான்.

கடைசியாக: பதிந்த கோப்பை வெட்டாமல், சுத்தம் செய்யாமல் அப்படியே ஒரு ஃப்ளாக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்குவது, ஓரம் வெட்டுவது எல்லாம் பிரதியில் மட்டும். இதை இரண்டு தடவை சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

#20 · வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து)

கேசட் பிழைத்துவிட்டது! நாற்பத்தைந்து நிமிடம், நடுவில் ஒருமுறைதான் ஒலி தேய்கிறது. முன்னால் இருந்த மூன்று நிமிட சலசலப்பை வெட்டிவிட்டுப் பெட்டியில் ஏற்றிவிட்டேன்.

பெங்களூரில் இருந்து கேட்க ரௌட்டரில் போர்ட் திறந்து பார்த்தேன், எதுவும் வரவில்லை. இணைய கம்பெனிக்குப் போன் செய்தால் "ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்".

#21 · நள்ளிரவுத்தேநீர்

உங்களுக்குத் தனிப் பொது ஐபி (இணைய முகவரி) இருக்காது. நிறைய வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கு சிஜிநாட் என்று பேர். வெளியில் இருந்து கதவைத் தட்ட வழியே கிடையாது. பையிலும் உங்கள் போனிலும் டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளுக்குள் மட்டும் ஒரு தனி வலை அமைப்பது) போடுங்கள். உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற மறையாக்க முறைதான், இரண்டு பக்கமும் தாமே வெளியே வந்து கைகோத்துக்கொள்ளும். போர்ட் திறக்கவே வேண்டாம், திறந்ததை இன்றே மூடுங்கள்.

#22 · வைகைக்கரை (மேலும் ஒரு வாரம்)

டெயில்ஸ்கேல் ஓடுகிறது. அம்மா சமையலறையில் போனில் கேட்கிறார். ஒலி அருமை. பெயர்கள் தமிழில். எல்லாம் சரி.

அப்பா மட்டும் கேட்கவில்லை.

நேற்று வீடியோவில் பேசும்போது பின்னால் அவருடைய பழைய டிரான்சிஸ்டர் கரகரத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "போனை எடு, கண்ணாடியைத் தேடு, ஆப்பைத் திற, கலைஞரா ஆல்பமா பட்டியலான்னு அது கேக்கும். ஒரு பாட்டுக் கேக்க இவ்வளவு படிக்கணுமாடா? ரேடியோவுல ஒரு குமிழ்." நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு மாத வேலை.

#23 · அரைபிட்

கிண்டல் இல்லாமல் ஒரு யோசனை. பள்ளியில் படிக்கும் என் அக்கா மகளுக்கு ஃபோனிபாக்ஸ் என்ற திறந்த மூலத் திட்டத்தைப் பார்த்துச் செய்துகொடுத்தேன். ஆர்சி522 என்ற கார்டு ரீடரைப் பையில் மாட்டி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தோம். அட்டையை மேலே வைத்தால் அந்தக் கதை ஓடும். அப்பாவுக்கும் நாலு அட்டை செய்தால்?

#24 · உப்புக்காற்று

அட்டை தொலையும். ஐ2எஸ் டிஏசி இருக்கும் பையில் பின்னைப் பிரித்து வயர் இழுப்பதும் வேலை. நான் சொல்வது: வயர்லெஸ் எண் பலகை, கடைக் கல்லாவில் வைத்திருப்பார்களே, வெறும் நம்பர் மட்டும் உள்ள கீபோர்டு. பைக்கு அது சாதாரணக் கீபோர்டுதான். டிரிக்கர்ஹேப்பி என்ற சின்னப் பின்னணி நிரல் எந்தப் பொத்தான் அழுத்தினாலும் நீங்கள் சொன்ன கட்டளையை ஓட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எம்பிசியில் (எம்பிடிக்குக் கட்டளை கொடுக்கும் நிரல்) மூன்றே கட்டளை: இருப்பதைக் காலி செய், இந்தப் பட்டியலை ஏற்று, பாடு. 0 நிறுத்த. பிளஸ் அடுத்த பாட்டு, மைனஸ் முந்தியது. ஒலி அளவுக்குப் பொத்தான் வேண்டாம், ஆம்பில் குமிழ் இருக்கிறது. அவர் கேட்டது அதுதானே.

#25 · நூலகத்துப்பூனை

எண்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எந்த எண்ணுக்கு எது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரிடமே ஒரு தாளைக் கொடுங்கள். கேசட்டும் சிடியும் வேறு வேறு சத்தத்தில் இருக்குமே, எல்லாவற்றையும் ஒரே சத்த அளவில் ஒலிக்க வைக்கும் ரீப்ளேகெயின் ஓட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து குமிழைத் திருப்ப வேண்டியிருக்கும்.

#26 · வைகைக்கரை (பொங்கல் விடுமுறை முடிந்து)

எண் பலகை வேலை செய்கிறது. அப்பா தாளில் எழுதிக்கொடுத்தது ஒழுங்காக 1-ல் இருந்து 8 வரை. 1 காலைக்கு, 2 மார்கழிக்கு மட்டும், 3 பத்து மணிக் கச்சேரி. 4-ல் அம்மாவுக்கு வேண்டியது, "அவ கேட்டா குடு" என்று அடைப்புக்குறியில் எழுதியிருந்தார். 7 சித்தப்பா கல்யாண நாகஸ்வரம். 9 காலி, பிறகு சொல்கிறாராம். ரீப்ளேகெயினும் ஓட்டியாயிற்று.

இப்போது டிரான்சிஸ்டர் பரணில். டெயில்ஸ்கேல் வழியாக எம்பிடியின் பதிவேட்டைப் பார்த்தால் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு 7 அழுத்தப்படுகிறது. வேவு பார்ப்பது தப்புதான்.

ரொறன்ரோ அண்ணா, நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. அம்மா சமையலறைக்கும் ஸ்பீக்கர் கேட்கிறார், வாருங்கள்.

#27 · ரொறன்ரோப்பனி

சொன்னனான் எல்லே. பை ஸீரோ 2 டபிள்யூ ஒன்று, யூஎஸ்பி டிஏசி ஒன்று, ஸ்னாப்காஸ்ட். எம்பிடியை மாற்றத் தேவையில்லை, அதன் ஒலியை ஸ்னாப்காஸ்ட்டுக்குத் திருப்பிவிட்டால் ஹாலும் சமையலறையும் ஒன்றாகப் பாடும். புது இழை திறந்து எழுதுங்கோ, இது நீண்டுபோச்சு.

#28 · வைகைக்கரை

திறக்கிறேன். அதற்கு முன் பழையரேடியோ ஐயாவுக்கு ஒரு வார்த்தை.

நேற்று அப்பா போன் செய்தார். "7-ல முன்னாடி கொஞ்சம் காணமே?" நான் வெட்டிய மூன்று நிமிடத்தைக் கேட்கிறார். வெறும் சலசலப்புதானே அப்பா, மைக் டெஸ்ட், பாத்திரச் சத்தம், யாரோ இலை போடச் சொல்லிக் கத்துகிறார் என்றேன். "கத்துறது உங்க தாத்தாடா."

வெட்டாத கோப்பு டிஸ்க்கில் இருந்தது. ராத்திரியே 7-ஐ மாற்றிவிட்டேன்.